தலைகீழ் அருவி

நர்ஸம்மாவின் வலது கை நடுங்க ஆரம்பித்து ஐந்து மாதமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஊசி போட்டுப் பேர் வாங்கிய கை. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வார்டை மறந்துவிட்டு ஸ்டோர் ரூமில் பஞ்சு அடுக்க வேண்டியதுதான். பெயிண்டிங் பழகினால் கை நிதானப்படும் என்று டாக்டர் சொன்னதால்தான், வேண்டாவெறுப்பாக, பெயிண்டிங் வகுப்பு நடந்த அந்தப் பழைய வீட்டின் மாடிப்படி ஏறினார்.

டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், வீட்டோடு வந்த பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று தொங்கியது. மலை, புயல் மேகம், அருவி, இடி விழுந்து கருகிய மரம். ஆள் அரவமே இல்லாத காடு. பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் ஈர மண் வாடை அடித்தது.

"இதைத்தான் காப்பி பண்ணப் போறோம். தலைகீழா," என்று டீச்சர் படத்தைத் திருப்பி மாட்டினாள். "நேரா வெச்சா, இது மரம், இது மலைன்னு மூளை தானா கற்பனை பண்ணும்க்கா. கவுத்துட்டா கண்ணு பாக்கறதை மட்டும்தான் கை போடும். படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்கிட்டு, தினம் ரெண்டு கட்டம். முடியற வரைக்கும் நிமித்திப் பாக்கக் கூடாது."

"காய்ச்சல், பிரஷர்னு பாத்ததை அப்படியே எழுதறதுதானே என் வேலையே, போம்மா," என்று சிரித்தார் நர்ஸம்மா.

தூரிகை துணியைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. அவர் அழுதேவிட்டார்.

முதலில் வீடு போய்ச் சேர்வதற்குள் நடுக்கம் திரும்பிவிடும். மூன்றாவது வாரத்தில் திரும்பவே இல்லை. சில நேரம் கண் போவதற்கு முன்பே கை போனது. பழக்கம் வந்துவிட்டது என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கடைசிக் கட்டம் முடிந்த மதியம், இரண்டு படங்களையும் நிமிர்த்தினார்கள்.

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா... இது யாரு?"

நர்ஸம்மாவின் படத்தில், கருகிய மரத்தடியில் ஒருவன் நின்றிருந்தான்.

"நான் பாத்ததைத்தான் போட்டேன்."

டீச்சர் பழைய படத்தை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். மரத்தடிக் கறுப்புக்குள் தலை, தோள், இரண்டு கைகள் என்று தூரிகைத் தடம் புடைத்துத் தெரிந்தது.

"முதல்ல இங்க ஒரு ஆளை வரைஞ்சிருக்காங்க. அப்புறம் யாரோ மேல கறுப்பு பூசி மறைச்சிருக்காங்க," என்று கிசுகிசுத்தாள்.

பழைய படத்தில் இரண்டு கை. நர்ஸம்மாவின் படத்தில் ஒன்றுதான். அவனுடைய வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டிருந்தது.

நர்ஸம்மா செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினார். அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

திங்கட்கிழமை வார்டில் தலைமை நர்ஸ் நின்று கவனித்தார். நரம்பே அகப்படாத நோயாளி. ஊசி முதல் குத்திலேயே இறங்கியது.

"அப்பாடா! கை அப்படியே சிலை மாதிரி நிக்குதே. இனிமே வார்டை விட்டு உங்களை யாரும் அசைக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மருந்து ஏறி முடிந்தது. நர்ஸம்மாவின் வலது கை இன்னும் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"சிஸ்டர், உங்க கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

விட வேண்டும் என்றுதான் நர்ஸம்மாவும் நினைத்தார்.

"சிஸ்டர், வலிக்குது. விடுங்க."

இடது கையால் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். இடது கை பயத்தில் வெடவெடவென்று நடுங்கியது.

வலது கை துளியும் நடுங்காமல், நிதானமாக, இன்னும் கொஞ்சம் இறுக்கியது.