ஈர பெஞ்ச்

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பழைய கல்லூரிக் கட்டடத்தின் படியேறும்போதே ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டட மேலாளர் வாசலுக்கே வந்து நின்றார். குறை கண்டுபிடிக்க வருகிறவளை யாராவது வாயெல்லாம் பல்லாக வரவேற்பார்களா?

"மேல போய் எதுக்கு மேடம் தூசியில நிக்கிறீங்க? இங்கயே உக்காந்து கையெழுத்துப் போட்டுடுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பதிவேட்டை நீட்டினார். மாடிக் குழாய் அறையில் ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்கு அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியிருந்தார்கள். உறை முழுதாக இருக்கும்வரை பயமில்லை. உடைந்தால், கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அறையைப் பூட்டி, எண் போட்ட முத்திரை வைத்து, வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். உள்ளே தொங்கும் அட்டையில் எழுதிய பிறகுதான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

கடைசி இரண்டு வருடமும் 'நல்ல நிலை' என்றிருந்தது. கீழே ஈரத்துணியின் கையெழுத்து.

ஈரத்துணி என்பது அவளுக்கு முன்பிருந்த ஆய்வாளருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர். தூசி பறக்கக்கூடாது என்று எதையும் ஈரத்துணியால் ஒற்றிவிட்டுத்தான் தொடுவார். அப்படிப்பட்ட மனிதரையே அந்தத் தூசி தின்றுவிட்டது. அவர் செத்து மூன்று வருடமாகிறது.

"போன வருஷம் வந்தது யாரு சார்?"

"அந்தப் பெரியவர்தான் மேடம். இருமிக்கிட்டே இருப்பாரே..."

கூசாமல் புளுகுகிறான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. குழாய் அறைக்கு நேர் கீழேதான் அவள் மகளின் வகுப்பு. மூன்று மாதமாக வீட்டில் ஒரே புலம்பல்: "அம்மா, தினமும் காலையில என் பெஞ்ச் மட்டும் ஈரமா இருக்கு." துடைக்கிறவர்களின் அலட்சியம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறினாள்.

முத்திரை அறுபடவில்லை. எண்ணைச் சரிபார்த்தாள். ஈரத்துணி உயிரோடு இருந்தபோது கடைசியாக வைத்த அதே முத்திரை. அப்படியானால் மூன்று வருடத்துக்கு மேலாக இந்தக் கதவு திறக்கவே இல்லை.

முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் இல்லாத அறை. டார்ச் வெளிச்சத்தில் பக்கத்துச் சுவரில் புதிதாகத் துளைத்த ஓட்டை தெரிந்தது. துளைத்த கருவி குழாயின் உறையையும் கிழித்திருந்தது. அதன் கீழே தரையில் விரல் நுழையும் அளவு விரிசல்.

கிழிந்த இடத்தில் யாரோ துணி சுற்றியிருந்தார்கள்.

தொட்டாள். நீர் சொட்டியது.

ஆணியில் அட்டை தொங்கியது. மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் தேதி போட்டு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சாய்ந்த கையெழுத்தில் ஒரே வரி: 'உடைந்திருக்கிறது. கீழே பிள்ளைகள்.'

கடைசி வரியில் இன்றைய தேதி.

மை விரலில் ஒட்டியது.

மேலாளரின் வேலையோ? முத்திரையை அறுக்காமல் எப்படி வந்திருப்பான்?

முதுகுக்குப் பின்னால் யாரோ வறட்டு இருமல் இருமினார்கள்.

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் மேலாளர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

"மூணு மாசம் முன்னாடி பக்கத்து ரூம்ல ஏசி மாட்டத் துளை போட்டாங்க மேடம். தெரிஞ்சா வகுப்பை மூடிடுவாங்கன்னு சொல்லல. அந்தப் பெரியவருக்கு அப்புறம் ரெண்டு வருஷமா பார்க்க ஆளே வரல, பழைய கையெழுத்தைப் பார்த்து நானே போட்டுட்டேன்..."

அவள் அன்றே வகுப்பைப் பூட்டி முத்திரை வைத்தாள். பிள்ளைகளைப் பின்பக்கக் கட்டடத்துக்கு மாற்றச் சொன்னாள்.

"அங்க ஆஸ்பெஸ்டாஸ் மருந்துக்குக்கூடக் கிடையாது மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

மறுநாள் சாயங்காலம் மகள் பையைத் தூக்கி நாற்காலியில் போட்டாள்.

"புது வகுப்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு." மகள் பாவாடையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா அங்கயும் என் பெஞ்ச் ஈரம்மா."