முன்பணம் கேட்காத வீடு

போன் அடித்தது.

வினோஜன் அப்போதுதான் தன் புது வீட்டின் கதவைத் திறந்திருந்தான். துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மான். பதினான்காவது மாடி. சாவி இன்னும் பூட்டில் தொங்கியது.

தெரியாத எண்.

"ஹலோ?"

"தம்பி, பால்கனிக்குப் போயிட்டியா?"

பெண் குரல். தமிழ்நாட்டுப் பேச்சு.

"இன்னும் இல்லை. ஆர் கதைக்கிறது?"

"போகாத. போனா கீழ இறங்கிருவ. லிஃப்ட் இல்லாம."

அவன் சிரித்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பால்கனி. அதற்கு அப்பால் கடல்.

"அக்கா, ராங் நம்பர்."

"வினோஜன்தான? படிப்பு முடிச்சு வேலைக்கு வந்த புதுசு. கையில சல்லிக்காசு கிடையாது. வீட்டு புரோக்கர் பத்மநாதன் அங்கிள் கூடக் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தையும் அவரே கட்டி, பேங்க் லோன் வாங்கிக் குடுத்தாரு. சரியா?"

சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என் தம்பி மணிமாறனுக்கும் அவருதான் வாங்கிக் குடுத்தாரு. அவனும் அப்பதான் காலேஜ் முடிச்சு வந்தவன். ஷார்ஜாவுல. பால் காய்ச்சுன அன்னிக்கே பால்கனியிலருந்து விழுந்துட்டான். ஆக்சிடென்ட்டுன்னு முடிச்சுட்டாங்க."

வினோஜன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அதில அவருக்கு என்ன லாபம்?"

"லோன்ல ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ். ஒருத்தர் செத்தா கடனை இன்சூரன்ஸ் கட்டிரும். வீடு மிச்சம் இருக்கிறவருக்கு. உனக்கும் அப்படித்தான எழுதியிருக்கு?"

அப்படித்தான் எழுதியிருந்தது.

'நான் கிழவன், தம்பி. முதல்ல போறது நான்தான். வீடு உனக்கு' என்று சொல்லித்தான் பத்மநாதன் பேனாவை நீட்டினார். வினோஜன் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அம்மா ஜித்தாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை. இவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அங்கேதான். சொந்த வீடு கிடைத்துவிட்டது என்று இவன் சொன்ன அன்றே வேலையை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை வருகிறாள்.

இந்த வீடும் இல்லையென்றால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"நீங்கள் ஆர் அக்கா?"

"கனகா. இந்த பில்டிங்ல கிளீனிங். உன் பேரும் நம்பரும் வாட்ச்மேன் நோட்டுல பாத்தேன். நேத்து பக்கத்து வீட்டு பால்கனியைத் துடைச்சிட்டிருந்தேன். உன் அங்கிள் ஸ்பானரோட வந்து கைப்பிடிக் கம்பியில நட்டைக் கழட்டிட்டுப் போனாரு."

"போலீசுக்குச் சொல்லுங்கோ."

"என் தம்பி செத்தப்ப சொன்னேன். ஆதாரம் கேட்டாங்க. எங்கிட்ட அழுகைதான் இருந்துச்சு."

வாசல் மணி அடித்தது.

"அவன்தான். போனைக் கட் பண்ணாத. பாக்கெட்ல போட்டுக்க. நான் சொல்றதுல சந்தேகம்னா ஒண்ணு செய். அவனை முதல்ல கம்பியில சாய்ஞ்சு காட்டச் சொல்லு. மாட்டான்."

பத்மநாதன் உள்ளே வந்தார். நெற்றியில் சந்தனம். ஒரு கையில் புதுப் பானை, மறு கையில் பால் பாக்கெட்.

"என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்கு? புது வீட்டுக் குடிபூரல் நாளில சிரிக்க வேணும்."

அவரே பாலை ஊற்றினார். அடுப்பைப் போட்டார்.

"இது பொங்கிறதுக்குள்ள சூரியனைக் கும்பிட்டிட்டு வா. மேற்குப் பாத்த வீடு. கம்பியில சாஞ்சு கொஞ்சம் எட்டிப் பாத்தால்தான் சூரியன் தெரியும்."

வினோஜன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.

"நீங்கள் மூத்தவர், அங்கிள். நீங்கள் முதல்ல."

"வீட்டுக்காரன்தான் முதல்ல."

"நீங்களும் வீட்டுக்காரன்தானே."

பால் மெல்லச் சூடேறியது.

"எனக்கு உயரத்தில நிண்டால் தலை சுத்தும், தம்பி."

"வந்த நாள் தொட்டு நீங்கள் விக்கிறது மாடி வீடுதானே."

"வாய் கூடிப்போச்சு உனக்கு."

"மணிமாறனும் எட்டித்தான் பாத்தவரோ?"

பத்மநாதன் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்களில் இல்லை.

"ஆர் உனக்கு அந்தப் பேரைச் சொன்னது?"

"கம்பியில ஒருக்கா சாஞ்சு காட்டுங்கோ. உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

மறுப்பார் என்றுதான் நினைத்தான். மறுத்துவிட்டால் ஓடிவிடலாம்.

பத்மநாதன் யோசித்தார். பிறகு சத்தமாகவே சிரித்தார்.

"இவ்வளவுதானே?"

கண்ணாடிக் கதவைத் தள்ளினார். கம்பியின் இடது முனையைத் தொடாமல் கடந்தார். வலது முனைக்குப் போனார். கடலுக்கு முதுகு காட்டி நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக் கம்பியில் சாய்ந்தார்.

"பார். மலை மாதிரி நிக்குது. ஆரோ சொன்னதைக் கேட்டு என்னை…"

கிரீச்.

கம்பி வெளியே சாய்ந்தது.

அவர் முகத்தில் பயம் இல்லை. வியப்புத்தான் இருந்தது.

"இந்தப் பக்கம் நான் தொடவே இல்லையே…"

அடுத்த கணம் பால்கனியில் யாரும் இல்லை.

கீழே யாரோ அலறினார்கள். கார் ஒன்றின் அலாரம் அடிக்கத் தொடங்கியது.

வினோஜன் போனை எடுத்தான்.

"அக்கா… அவர் விழுந்திட்டார்."

"கேட்டுச்சு."

"அந்தப் பக்கம் தான் தொடேல்லை எண்டவர்."

"ஆமா. அந்தப் பக்கம் நான். பக்கத்து பால்கனியிலருந்து கை எட்டுச்சு."

அவன் கம்பி இல்லாத பால்கனியைப் பார்த்தான்.

"அக்கா… வீட்டில நான் மட்டும்தான் நிண்டனான். அவர் செத்தால் லாபம் எனக்கு. என்னைத்தான் பிடிப்பினம். நீங்கள் வந்து சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை அம்மா வாறா. உங்கட காலைப் பிடிக்கிறன்…"

போனுக்குள் வேறொரு குரல் கேட்டது. ஒலிபெருக்கி. மதுரை விமானத்துக்கான கடைசி அழைப்பு.

"பாவம்தான் தம்பி. உன்னைச் சாக விடக் கூடாதுன்னு மட்டும்தான் யோசிச்சேன். அதுக்கு மேல யோசிக்கல. கலாஸ். எல்லாம் முடிஞ்சிருச்சு."

வினோஜன் திரும்ப அழைத்தான். போன் அணைக்கப்பட்டிருந்தது.

மறுபடி அழைத்தான். மறுபடியும்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தீய்ந்தது. புகைந்தது. அவன் பானையை இறக்கவில்லை.

வாசல் மணி அடித்தது.

கதவின் துளை வழியே பார்த்தான். பில்டிங் காவலாளி. அவன் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

கடன் தீர்ந்துவிட்டது. வீடு அவனுக்குத்தான்.

தங்கப்போவது மட்டும் வேறோர் அறையில்… அங்கேயும் முன்பணம் கேட்க மாட்டார்கள்.