ரோல்ஸ் வாசம் வீசிய வேன்

தொலைபேசி அலறியது.

காலை ஆறு மணி. நிஹ்லா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு இப்போதெல்லாம் அழைப்பவர்கள் இரண்டே பேர். வெள்ளிக்கிழமைகளில் டோஹாவிலிருந்து கணவன் ஹாதிக். மற்ற நாட்களில் ஆய்வுகூடக் காவலாளி சுபியான்.

இன்று செவ்வாய்.

"மிஸ்... தூசி தட்ட அலுமாரியத் திறந்தன். கேன் ரெண்டும் இல்ல."

"எந்தக் கேன் காக்கா?" மூத்தவரான சுபியானை அண்ணன் முறையில் அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"ஒங்கட கேன்தான் மிஸ்."

நிஹ்லா செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினாள்.

ஒலுவில் கடற்கரையோரம் பதினொரு பேர் வேலை செய்த சின்ன எரிசக்தி ஆய்வுகூடம் அது. மூன்று மாதமாகப் பத்துக் கதிரைகள் வெறுமை. நாட்டிலேயே பெற்றோல் இல்லை... யாரும் வர முடியாது. பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த நிஹ்லா மட்டும் நடந்து வந்தாள். பகல் முழுக்கக் கடல் இரைச்சல்தான் அவளுடைய பேச்சுத் துணை.

கல்முனை ஹோட்டல்களில் ரோல்ஸ் பலகாரம் பொரித்துக் கழித்த எண்ணெயைச் சேர்த்து, இரண்டு வருடம் மாரடித்து, டீசலுக்குப் பதிலாக ஊற்றக்கூடிய எரிபொருளாக மாற்றியிருந்தாள். இரண்டு கேன், நாற்பது லீட்டர்.

இனி ஒரு லீட்டர்கூடச் செய்ய முடியாது. சமையல் காஸ் இல்லாமல் ஹோட்டல்கள் பூட்டிக் கிடந்தன. கலக்க வேண்டிய மெதனோல் கப்பலில் வரவில்லை.

எண்ணெய்க்கு மாற்றுக் கண்டுபிடிக்கவும் எண்ணெய் வேண்டியிருந்தது!

அந்த நாற்பது லீட்டரில் ஒரு வாகனம் நானூறு கிலோமீட்டர் பழுதில்லாமல் ஓடிக் காட்ட வேண்டும். மாத முடிவுக்குள் அறிக்கை போகாவிட்டால் அவளுடைய ஆய்வு மூடப்படும். வாகனம் தரத்தான் ஆளில்லை. ஆய்வுகூடத்தை நடத்தும் பணிப்பாளர் காலிதீனிடம் அவருடைய வேனைக் கேட்டுப் பார்த்தாள். 'இந்த எண்ணெய் எஞ்சினைப் பாழாக்கும்' என்று கையெழுத்தோடு எழுதியே கொடுத்துவிட்டார்.

இப்போது எண்ணெயும் இல்லை.

அலுமாரிப் பூட்டு உடையவில்லை. கீறல்கூட இல்லை.

"சாவி என்னட்ட ஒண்டு, ஒங்கட்ட ஒண்டு" என்றாள் மெதுவாக.

சுபியானின் முகம் கறுத்தது. "வல்லாஹி நான் எடுக்கல்ல மிஸ். என்னட்ட இரிக்கிறது சைக்கிள். அதுக்கு டீசல் ஊத்தி என்ன செய்ற?"

நம்புவதா? நம்பாவிட்டால் நாளைக்கு இந்தக் கட்டடத்தில் 'மிஸ்' என்று கூப்பிடவும் ஆளிருக்காது.

கல்முனைப் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தங்கச்சி, நாங்க வரத்தான் வேணும். ஆனா ஜீப்புக்கு டீசல் இல்ல" என்றது சலித்த குரல். "நீங்க கல்முனைக்கு வந்து முறைப்பாட்ட எழுதுங்க. வாகனம் கிடைச்சா கொண்டு வாங்க, அதுலயே வந்து பாக்குறம்."

சுபியானின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தாள்.

நிந்தவூர் எல்லையில் டீசல் வரிசை தொடங்கியது. லொறி, வேன், உழவு இயந்திரம்... கண்ணுக்கெட்டிய தூரம் வரை. யாரும் எஞ்சினைத் தொடவில்லை. முன்னால் இடம் விட்டால் நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். அடுத்தவன் வாகனத்துக்கும் அவர்களே கை கொடுத்தார்கள். ஒரு சொட்டு டீசல் வீணாகக்கூடாது. அதுதான் வரிசையின் சட்டம்.

திடீரென்று ஒரு வேனின் எஞ்சின் உறுமியது.

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஆரு அந்த ராசா? நாலடி நகர ஸ்டாட் பண்றாரு" என்றான் ஒரு லொறிக்காரன்.

"அவரு மூணு நாளா கண்ணாடியும் இறக்கல்ல, ஒருத்தரோடயும் கதைக்கல்ல. மறுகா ஆரு அவர்ர வேனத் தள்ளுற?" என்றான் இன்னொருவன். அப்படியே மூக்கை உறிஞ்சினான். "டேய்... எங்கயோ ரோல்ஸ் பொரிக்கிறாங்கடா."

நிஹ்லா பிரேக்கை அழுத்தினாள்.

ரோல்ஸ் வாசம்!

வேனின் பின்னாலிருந்து வந்த புகையில்தான் அந்த வாசம். இரண்டு வருடம் அவளுடைய அபாயாவில் ஒட்டியிருந்த வாசம்.

கண்ணாடியைத் தட்டினாள். அது மெல்ல இறங்கியது.

பணிப்பாளர் காலிதீன்.

எல்லா அறைக்கும் ஒரு சாவி அவர் மேசை லாச்சியில் கிடப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"நிஹ்லா... ஏறுங்க. ஆக்கள் பாக்குறாங்க."

ஏறினாள். பின் ஆசனத்தில் அவளுடைய இரண்டு கேன்கள். பக்கத்தில் தங்க எழுத்துக் கல்யாண அட்டைகள்.

"ஏன் சேர்?"

"மகன் றிபாத்துக்குக் கல்யாணம். அக்கரைப்பற்று, பொத்துவில், காத்தான்குடி... வீடு வீடாப் போய்ச் சொல்லாம போன்ல சொன்னா சனம் வருமா? ஆயுசுக்கும் குத்திக் காட்டும்." அவர் நெற்றியைத் துடைத்தார். "வேற வழி தெரியல்ல."

"ஊரெல்லாம் சொன்னீங்க. எனக்குச் சொல்லல்லியே சேர்."

காலிதீன் தலை குனிந்தார். "ஒங்கட வாசல்ல வந்து நிக்க மொகம் இல்ல."

அதுதான் அவளைச் சுட்டது. கேன் போனதைவிட.

ஆனால், கண் டாஷ்போர்டில் நின்றது. டீசல் ஊற்றிய அன்று மீற்றரைப் பூச்சியமாக்கி வைப்பது அந்த நாட்களில் எல்லோருக்கும் பழக்கம்.

391.

"இது என்ட எண்ணெயில ஓடினதா?"

"ஓம். நாளைக்கு முடிஞ்சிரும். அதான் வரிசையில நிக்கிறன்."

"எஞ்சின்?"

"...புதுசு மாதிரி ஓடுது."

நிஹ்லா ஓர் அட்டையை எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள். "அத எழுதுங்க சேர். கையெழுத்தோட. முன்ன எழுதினது மாதிரியே."

எழுதினார். அட்டையை அவளிடம் நீட்டினார்.

"இப்ப... பொலிஸுக்குச் சொல்லுவீங்களா?"

நிஹ்லா இறங்கிச் சைக்கிளைப் பின்னால் ஏற்றினாள். திரும்பி வந்து முன் ஆசனத்தில் சாய்ந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார், பேச. திருடன்தான்... பரவாயில்லை.

"நானூறுக்கு இன்னும் ஒம்பது கிலோமீட்டர் இரிக்கி சேர். கல்முனைப் பொலிஸ் சரியா அவ்வளவு தூரந்தான். எடுங்க வேன. நான் மீற்றரப் பாக்குறன்... நீங்க அவங்களுக்கும் கல்யாணத்தச் சொல்லுங்க."