அண்ணன் பேரில் எடுத்த ஸ்கேன்

ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்து, குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தென்காசியில் வீடு வந்து சேர்ந்த பிறகும், மசூதின் வலது விலாவுக்குள் அந்தத் தட்டல் நிற்கவில்லை. டப். வலி ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து யாரோ சுண்டுவது போலிருந்தது.

அந்த ஸ்கேன் மேசையில் படுத்திருக்க வேண்டியவர் அண்ணன் கிதிர் முகம்மது. புற்றுநோய்க்காரர். "ஈரல் இறுகிப்போயிருந்தா இம்யூனோதெரபி ஊசி கேக்கறது கஷ்டம். ஸ்கேன் பாத்துட்டுத்தான் முடிவு" என்று டாக்டர் சொன்னபோதே மசூதுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. நோயாளியிடம் நோயை மறைப்பதுதான் ஊர் வழக்கம். இந்தக் கிறுக்கன் டாக்டரிடமே மறைத்தான். அண்ணனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அண்ணன் பேரைக் கூப்பிட்டதும் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். விலா இடுக்கில் சில்லென்று பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினாள் ஸ்கேன் எடுக்கிற ஜெஸி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கருவி உள்ளே டப்பென்று ஒரு தட்டு தட்டியது. "ஈரல் நல்லா மெத்துன்னு இருக்கு அண்ணாச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஊசி ஆரம்பமானது.

அல்லாவே, அண்ணன் தேறினார்! கண்ணில் இருந்த மஞ்சள் குறைந்தது, குரல் தெளிந்தது. மசூதுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அண்ணன் புரண்டு படுத்தால் இவன் விலாவில் டப். இருமினால் டப். சிரித்தால், டப், டப். பயம் தாங்காமல் ஒரு மத்தியானம் சொல்லிவிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு ஸ்கேனுக்கு நான்தான் படுத்தேன்."

"தெரியும்லே" என்றார் அண்ணன். "கூப்பிட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சு. ஒனக்கு நல்ல ஈரல்லா. அதான் பேசாம இருந்தேன்."

மதினி நூர்நிஷா ஆட்டு ஈரல் வறுவலைக் கொண்டுவந்து வைத்தாள். மிளகு வாசம் அறையெங்கும் ஏறியது. அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டார்.

மசூதுக்குச் சுருக்கென்றது.

இன்னொரு துண்டு. உள்ளே ஏதோ பிய்ந்தது. கத்த வாய் திறந்தான். காற்றுதான் வந்தது. விலாவுக்கடியில் தடவிப் பார்த்தான். குழி. கை உள்ளே போனது. மணிக்கட்டு வரை.

தட்டல் நின்றிருந்தது.

"இன்னும் வைக்கட்டுமா?" என்று மதினி சட்டியோடு வந்தாள்.

அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார். தட்டு எப்போதோ காலி. மசூதையே பார்த்துக்கொண்டு, அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.