பின்சக்கரத்துத் தட்டல்

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்குச் சைக்கிளில் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. பாலம் என்று சொல்வதே அதிகம். சாலைக்கு அடியில் ஒரு குழாய், இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. காய்ந்த கோரைப்புல் கிடக்கும். எதிரே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

அங்கேதான் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டது.

என் பிழைப்பே சத்தம்தான். செஞ்சியில் ஃபேன், மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும், கழற்றாமலேயே, புஷ் போயிற்றா பேரிங் போயிற்றா என்று சொல்லிவிடுவேன். ‘எழிலரசனுக்குப் பாம்புக் காது’ என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். எவனாவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், ‘போய் கிரீஸ் போடுடா’ என்பேன்.

டிக். கொஞ்சம் பொறுத்து, டிக்.

பின்சக்கரத்துப் பக்கமிருந்து வந்தது. பாலத்தில் தொடங்கி, செஞ்சியின் முதல் வீடுகள் கண்ணில் பட்டதும் நின்றது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் தொடங்கியது, அதே இடத்தில் நின்றது.

வேறு சமயமாக இருந்தால் சட்டை செய்திருக்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. என் மகள் நிலாவுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. மினி பஸ் நின்று நான்கு மாதம் ஆகிறது. இனிமேல் அவள் என் சைக்கிள் கேரியரில்தான் செஞ்சிக்குப் போக வேண்டும். என் மனைவி வளர்மதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“சத்தம் போற வரைக்கும் கொழந்தைய ஏத்தாத. நடு ரோட்டுல சக்கரம் கழண்டுச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“ஊரு ஃபேனெல்லாம் பாக்குறேன், இத பாக்க மாட்டனா?” என்றேன்.

முறையாகத்தான் தேடினேன். பெடலை நிறுத்தி வண்டியைத் தானாக ஓடவிட்டேன். டிக். அப்படியென்றால் செயின் இல்லை. பிரேக்கை லேசாகப் பிடித்துப் பார்த்தேன். டிக். பிரேக் கட்டையும் இல்லை. சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினேன். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் வெண்ணெயாகச் சுற்றியது. சின்னச் சத்தம்கூட இல்லை.

பாலம் தாண்டினால் ஓர் இறக்கம் வரும். வியாழக்கிழமை அங்கே மூச்சு முட்ட மிதித்தேன். சக்கரத்துச் சத்தம் சக்கரத்தின் பேச்சைக் கேட்க வேண்டும். வண்டி வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வர வேண்டும்.

வரவில்லை.

காற்று காதில் இரைந்தது. சக்கரம் பறந்தது. சத்தம் மட்டும் அவசரமே இல்லாமல், அதே பழைய நிதானத்தில் வந்தது.

டிக். டிக்.

உயரத்தில் உட்கார்ந்தவர்கள் தொங்கும் காலை ஆட்டி, குதிகாலால் தட்டுவார்களே, அந்த நிதானம்.

கூடவே ஒரு வாடை. பிழியாமல் மூட்டைகட்டி வைத்த ஈரத்துணி வாடை. அந்தச் சாலையில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நேராகப் பீமாராவ் அண்ணன் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் பின்டயரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தினம் டபுள்ஸ் அடிக்கிறியா?”

“இல்லண்ணா. நான் மட்டுந்தான் வர்றேன்.”

“எங்கிட்ட மறைக்காத எழிலு. போன மாசம் நான் போட்ட டயரு இது. எப்படித் தேஞ்சிருக்குது பாரு. கம்பியெல்லாம் லோடுல தளந்துபோச்சு. பின்னாடி ஒரு ஆளு தெனமும் குந்திக்கினு வருது.”

சில வாரங்களாகவே பாலம் தாண்டியதும் பெடல் கனப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்காற்று என்று நினைத்திருந்தேன்.

அவர் கம்பிகளை முறுக்கி, பெண்டு எடுத்துக் கொடுத்தார். “ஓடும்போது வர்ற சத்தத்த ஓடும்போதுதான் புடிக்கணும். பின்னாடி ஒரு ஆள ஏத்தி, குனிஞ்சி கேக்கச் சொல்லு. எங்க வருதுன்னு சொல்லிடுவாங்க.”

எல்லா மெக்கானிக்கும் சொல்கிற யோசனைதான். வெள்ளிக்கிழமையும் சத்தம் வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வளர்மதி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், நிலாவைத் தூக்கிக் கேரியரில் வைத்தேன்.

அவளை எதற்கு ஏற்றினேன்? வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பொய். யாரைக் கூப்பிட்டாலும் ‘பாம்புக் காதுக்கே கேக்கலியா?’ என்று சிரிப்பார்களே என்ற வீம்புதான். மட்கார்டு தகரம் ஆடுகிறது, ஆடுகிற தகரம் வேகத்தைப் பார்க்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“சத்தம் எங்க வருதுன்னு பாத்துச் சொல்லணும், சரியா?”

“சரி நைனா.”

“கால அகட்டி வெச்சிக்கோ.”

வேர்க்கடலைக் கொல்லைகள் தாண்டின. பாலம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை.

பாலம் தாண்டியது, இறக்கமும் வந்தது. சக்கரம் சுற்றுகிற மெல்லிய சரசரப்பைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. கேவலம், நான்கு தளர்ந்த கம்பிக்கா இவ்வளவு பயந்தோம்!

அப்போதுதான் கேரியரில் துண்டு மடித்துப் போட மறந்தது ஞாபகம் வந்தது. வெறும் இரும்புக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்திருக்கிறேன்.

“கம்பி குத்துதாம்மா?”

“இல்ல நைனா. மடி மெத்துனு இருக்குது.”

பெடல் என் காலுக்கடியில் நின்றது.

“எந்த மடி?”

“இவங்க மடி.” குரல் ஏனோ சாதாரணத்தைவிட உயரத்திலிருந்து, என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. “இவங்கதான் நைனா கால ஆட்டி ஆட்டித் தட்டிக்கினு வந்தாங்க. ஆட்டாதன்னு நான் சொன்னேன். நிறுத்திட்டாங்க.”

ஈரத்துணி வாடை.

பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். திரும்பக் கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. என் குழந்தை பின்னால் இருக்கிறாளே.

திரும்பினேன்.

நிலா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அவளுக்கும் கேரியருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளி வழியாகத் தார்ச்சாலை தெரிந்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். வரவில்லை. அவள் இடுப்பைச் சுற்றிப் பாவாடைத் துணி உள்ளே அமுங்கியிருந்தது, யாரோ இரண்டு கையாலும் கட்டிக்கொண்ட மாதிரி. ‘விடு, விடு’ என்று அழுதுகொண்டே இழுத்தேன். மூன்றாவது தடவை சட்டென்று விட்டது. சைக்கிள் சாய்ந்து விழுந்தது. நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல் வீடு வரும்வரை ஓடினேன்.

அவள் முதுகுப் பக்கத்துச் சட்டை முழுக்க ஈரமாக இருந்தது. வேர்வை என்றுதான் அன்று நினைத்தேன்.

பீமாராவ் அண்ணன் ஆள் அனுப்பிச் சைக்கிளை எடுத்துவந்து, நான் சொன்னபடி துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டார். வளர்மதியிடம் பிரேக் அறுந்துபோச்சு என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை முதல் நிலா ஷேர் ஆட்டோவில் போகிறாள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். நிலா கூடத்தில் பிளாஸ்டிக் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வளர்மதி அவள் தலைமுடியைக் கோதிச் சிரித்தாள்.

“பாத்தியா, பள்ளிக்கூடம் போனதும் எப்படி வளந்துட்டான்னு? போன வாரம் மோவாய்க்கட்டதான் மேசைக்கு எட்டுச்சு. இப்ப முழங்கைய வெச்சி எழுதுறா. தூக்குனா இன்னா கனம் கனக்குறா தெரியுமா?”

அதே நாற்காலி, அதே மேசைதான். மகள் ஒரு சாண் உயரமாக உட்கார்ந்திருந்தாள்.

குனிந்து நாற்காலியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வளர்மதி மூக்கைச் சுருக்கி, “ஈரத்துணி எங்கியோ கெடக்குது” என்று முனகியபடி உள்ளே போனாள்.

நாற்காலிக் காலில் ஏதோ தட்டியது.

டிக்.

டிக்.

நிலாவின் இரண்டு பாதங்களும் அசையவே இல்லை. அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தோழியிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“ஆட்டாத. நைனாவுக்குக் கேக்குது.”

சத்தம் நின்றது.