வீடில்லாதோர்: பூஜ்யம்

அன்னவாசல் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஆளில்லாமல் கிடந்த அந்தப் பழைய வீட்டுக்கு நான் அரிக்கேன் விளக்கோடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், மாசி மாதம், ஜனக்கணக்கு நாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னைக் கணக்கெடுக்கப் பிடித்துப் போட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. தேசத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்றார்கள்.

அன்றிரவு யார் எந்தக் கூரைக்கடியில் படுக்கிறார்களோ, அவர்கள் அந்த வீட்டுக் கணக்கு. கூரை இல்லாதவர்கள் தனிக் கணக்கு. தன் வட்டத்தில் அந்தத் தனிக் கணக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் சூப்பர்வைசர் ஆத்மநாதனின் ஆசை. வீடில்லாதவர்களை ஒழிக்க இரண்டு வழி உண்டு. வீடு கட்டிக் கொடுக்கலாம். அல்லது ஒரு ராத்திரி எங்காவது படுக்க வைக்கலாம். அவர் சிக்கனமானவர்.

சந்தைப்பேட்டைப் புளியமரத்தடியில் கிடந்த மூக்காயியையும் நிறைமாதமாயிருந்த அவள் மகள் ராசாத்தியையும் அழைத்து வந்தது நான்தான்.

"பிரசவம் ஆகி எந்திரிக்கிற வரைக்கும் இருந்துக்கலாமாம், ஆத்தா. சார் சொன்னார்."

மூக்காயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது அவுக வாயா, ஒங்க வாயா தம்பி?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு வாயி சொன்னா ஒண்ணாச்சும் நெசமாயிருக்கும்" என்று மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மரத்தடியில் பெற்ற முதல் பிள்ளை மழையில் விறைத்துச் செத்ததென்று ராசாத்தி வழியில் சொல்லியிருந்தாள். அவளுக்கு வேண்டியது நாலு சுவர்.

கூடத்தில் வௌவால் நாற்றம். அதற்குக் கீழே இன்னொரு வாடை, நாள்பட்ட ஈரத்துணி மாதிரி. பின்பக்கம் ஒரு சரக்கறை. கதவில் துருவேறிய பூட்டு. அடிப்பலகையைக் கரையான் தின்று, தரைக்கு மேல் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

இரண்டு பேரையும் எழுதி முடித்தேன்.

சரக்கறைக்குள் யாரோ இருமினார்கள்.

பூட்டைப் பார்த்தேன். பூட்டுத்தான்.

"எங்களயும் எழுதிருங்க" என்றது ஒரு பெண்குரல், மிகவும் மரியாதையாக.

"யா... யாரு?"

"போன கணக்குக்கு வந்தவுங்க. ஒரு ராத்திரி படுங்கன்னு சொல்லிப் பூட்டிட்டுப் போனாரு ஆத்மநாதன் சாரு. நாங்க மூணு பேருங்க. பெறகு ஆரும் வல்ல."

போன கணக்கு எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது.

கதவின் உட்புறத்தில் நகங்கள் உரசின. அவசரமில்லாமல்.

நான் எழுதவில்லை. ஓடினேன். பகுத்தறிவைப் பற்றிக் கல்லூரி மன்றத்தில் பேசிப் பரிசு வாங்கியவன் நான். பரிசுக் கோப்பை வீட்டில் இருந்தது.

விடிந்ததும் மனசு கேட்காமல் திரும்பிப் போனேன். வாசலில் ஆத்மநாதன் நின்றிருந்தார், தடியோடு இரண்டு சேவகர்களும். உள்ளே ராசாத்திக்கு வலி கண்டிருந்தது.

"கணக்கு முடிஞ்சுபோச்சு. ரெண்டையும் வெளிய கெளப்பு" என்று மை படிந்த விரலை நீட்டினார்.

"பிரசவம் வரைக்கும்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னாத்தானே வருவாளுக? காலேஜில இதெல்லாம் சொல்லித் தரலயா?"

மூக்காயி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ரெண்டு வாயும் பொய்யா தம்பி?" என்றாள். என் வாயை அவர் இரவல் வாங்கிக் காரியத்தை முடித்துக்கொண்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சேவகன் ராசாத்தியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் தூணைக் கட்டிக்கொண்டாள்.

மூக்காயி சரக்கறைக் கதவருகே போய் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஒங்ககிட்டச் சொன்ன மாதிரித்தான் எங்ககிட்டயும் பொய் சொல்லியிருக்காரு."

பூட்டு தானாக விழுந்தது.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு.

"வாங்க சார்" என்றது அந்த மரியாதைக் குரல். "காத்துக்கிட்டிருக்கோம்."

யாரும் அவரை இழுக்கவில்லை. தலைமை வாத்தியார் கூப்பிட்ட பையனைப் போல, ஆத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டு தானாகவே நடந்து உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

சேவகர்கள் கடப்பாரை போட்டுத் திறந்தார்கள். அறை காலி. தூசியில் அவருடைய செருப்புத் தடம் நடுவரைக்கும் போய் நின்றிருந்தது. திரும்பிய தடம் இல்லை. அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மேலிடத்துக்குத் தெரியவில்லை. கடைசியில் விட்டுவிட்டார்கள். வட்டத்தில் வீடில்லாதோர் பூஜ்யம் என்றே அச்சாயிற்று.

அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பிறகு யாரும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்குத் துணி வாங்கிக்கொண்டு நான் போனேன். நடுப்பகல். கூடத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. மூக்காயி என்னை வா என்று சொல்லவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மூடியிருந்த சரக்கறைக் கதவுக்கு முன்னால் அவள் இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று இலைகள் கதவையொட்டி. நாலாவதை மட்டும் ஒரு முழம் தள்ளி.

"அது எட்டாதே ஆத்தா?"

"எட்டாதுதான்" என்று தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

மூன்று இலைகளும் ஒவ்வொன்றாக, சோறு சிந்தாமல், கதவுக்கடியில் நழுவி உள்ளே போயின.

பிறகு, அதே இடைவெளியில் ஒரு ஆண்கையின் விரல்கள் வெளியே வந்தன. நகக்கண்ணில் மை. தரையைத் துழாவித் துழாவி, நாலாவது இலையைத் தேடின.