இருபத்தேழில் யாரோ

தீபாவளி விடுமுறையில் பூட்டிக் கிடந்த கம்பெனியில், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ரைசாவின் மேசையிலிருந்த டெலிபோன் போர்டில் இருபத்தேழாம் எண்ணுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இருபத்தேழு கீழ்த்தளத்துக் கட்டிங் அறை. அங்கே யாரோ ரிசீவரை எடுத்திருக்கிறார்கள். ஆனால் துணி வெட்டுகிறவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய் நான்கு நாளாகிறது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் ரைசாதான் ஆபரேட்டர். போன மாதம் முழுக்க ஒருவன் அவளை அழைத்துக்கொண்டிருந்தான். டெலிபோன் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். அவ்வளவு மரியாதையான பேச்சு. மொத்தம் எத்தனை இணைப்பு, வெளி அழைப்புக்கு என்ன ரகசிய எண், லீவு நாளில் கம்பெனியில் யார் இருப்பார்கள் என்று ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்பான். அவளும் சொன்னாள். வாட்ச்மேன் வெள்ளியங்கிரி ஒருவர்தான் இருப்பார் என்றும் சொன்னாள். அதன்பின் ஒரே இரவில் கம்பெனி லைனிலிருந்து வெளிநாடுகளுக்கு நூற்றுக்கணக்கில் அழைப்புகள் போயிருந்தன.

மேனேஜர் சித்ராதேவி திட்டவில்லை. விடுமுறையிலேயே வந்து வெளி அழைப்புகளை மொத்தமாக அடைத்துவிடவும், ரகசிய எண்ணை மாற்றவும் சொன்னாள். புது எண்ணை யார் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது என்றாள். வாட்ச்மேன் பெயரைச் சொன்னதை மட்டும் ரைசா அவளிடம் மறைத்துவிட்டாள்.

எண்ணை மாற்றி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கு அணையாமல் எரிந்தது. அவள் இருபத்தேழை அழுத்தினாள். காதுக்குள் துணி வெட்டும் மெஷினின் ரீங்காரம், தேனீக்கூட்டைக் கலைத்ததுபோல், உயர்ந்தும் தாழ்ந்தும் வந்துகொண்டேயிருக்க, அதன் மேலே ஒரு மூச்சுச் சத்தம்.

"வந்துட்டீங்களா கண்ணு," என்றது அதே குரல். "நம்பர மாத்திப் போட்டீங்களாட்ட இருக்குதுங்க. புதுசச் சொல்லுங்க."

அவள் ரிசீவரை வைக்கப் போனாள்.

"வாட்ச்மேன் பக்கத்துலதான் இருக்காருங்க. அவருக்குத் தெரியலீங்களாம்."

ரீங்காரம் சட்டென்று கனத்தது. மெஷின் எதையோ கடித்துத் திணறி, மறுபடி லேசானது. அதற்குப் பிறகுதான் அலறல் வந்தது. காலையில் கேட்டைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்ட வெள்ளியங்கிரியின் தொண்டை அது.

"ஒரு விரலுங்க," என்றான் அவன்.

யார் நீங்கள் என்று கேட்டாள். மெஷின் மறுபடி கனத்தது. அலறல். அவள் அழுதுகொண்டே நான்கு இலக்கங்களையும் சொன்னாள்.

"அவர விட்டுருங்க."

"ரொம்ப நன்றிங்க."

லைன் அறுந்தது. போலீசுக்கு அழைக்க நூறை அழுத்தினாள். வெளி அழைப்பு போகவில்லை. அவளே அடைத்துவைத்தது. திறப்பதற்காகப் புது எண்ணை அழுத்தினாள். தவறான எண் என்றது. இன்னொரு முறை அழுத்தினாள். தவறு. அதற்குள் அவன் மாற்றிவிட்டான். அவளுடைய செல்போன், கம்பெனி வழக்கப்படி, கீழே வாட்ச்மேன் அறையில் இருந்தது.

மாடியிலிருந்து வெளியே போக ஒரே படிக்கட்டு. அது கட்டிங் அறை வாசலில்தான் போய் முடியும்.

செருப்பைக் கழற்றினாள். பதினெட்டுப் படி. சாயத்துணியின் புளித்த வாடையோடு, மெஷின் எண்ணெயோடு, இரும்பைச் சுட்டதுபோல் இன்னொரு வாடையும் மேலேறி வந்தது. பாதித் தூரத்தில் மெஷின் நின்றது.

அமைதி. ஏதோ சொட்டியது. மறுபடி சொட்டியது.

கடைசிப் படி. கதவு திறந்திருந்தது.

நீள மேசையில் வெள்ளைத் துணி அடுக்கடுக்காக விரித்திருந்தது. அதன் மேல் வெள்ளியங்கிரி குப்புறக் கிடந்தார். இரண்டு மணிக்கட்டும் துணி நகராமலிருக்கப் போடும் கிளிப்புக்குள். கிளிப்புக்கு அப்பால் கைகள் இல்லை. சிவப்பு ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மேசைக்கு மறுபக்கம் அவன். வலது கையில் துணி வெட்டுகிறவர்கள் போடும் இரும்பு வலைக் கையுறை. காதில் போன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். ரிசீவருக்குள் ஒரு பெண் அழுதபடி தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்ராதேவி.

அவன் ரைசாவைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்," என்று போனில் சொன்னான். பிறகு வெள்ளியங்கிரிக்குப் பக்கத்தில், ஈரம் படாத இடத்தில், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிடத் தொடங்கினான்.